எட்டு முடிச்சும் இடது கையும்

நவம்பர் 3, ஞாயிறு

இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. பதினேழு ஆண்டுகள் போதும்.

கிளாட்வினின் புதுக் கட்டுரை வெள்ளிக்கிழமை இணையத்தில் ஏறியிருக்கிறது. நாற்பத்தாறு பக்கம். டிசம்பர் 13 அன்று சென்னையில் ஒரு கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேசப்போகிறான். கனஅளவு ஊகத்தை முடிச்சுகளின் ஒரு பெருங்குடும்பம் முழுமைக்கும் நிரூபித்துவிட்டானாம். பதினோராம் பக்கத்தில், துணைத்தேற்றம் 3.2 என்ற பெயரில், என் எட்டு மாத உழைப்பு கிடக்கிறது. அவனுடைய 2007 கட்டுரையிலிருந்து எடுத்ததாகக் குறிப்பு. என் பெயர் எங்கும் இல்லை. 2007இலாவது கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: "பயனுள்ள உரையாடலுக்காக இன்னாருக்கு நன்றி." உரையாடல்! எட்டு மாதம் ஒரு மனிதன் தாளில் ரத்தம் சிந்தினால் அதற்குப் பெயர் உரையாடல்.

நடந்ததையெல்லாம் இந்த நோட்டில் தேதிவாரியாக எழுதிக்கொண்டு போய், கருத்தரங்கில் எழுந்து நின்று வாசிக்கப்போகிறேன்.

சிலிண்டர் இன்றும் வரவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

சங்ககிரிக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில், முதலாண்டு மாணவர்களுக்குத் தொகையீடு சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். இன்று துறைத்தலைவர் மதியழகன் ஒரு படிவத்தோடு வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"சார், தரச்சான்றுக் கமிட்டி வருது. போன வருஷம் என்ன ரிசர்ச் பண்ணீங்கன்னு ஒரு கட்டம் இருக்கு. ஏதாச்சும் சொல்லுங்க."

"ஒண்ணுமில்லைன்னு போடுங்க."

"அப்படிப் போட்டா என்னைத்தான் சார் திட்டுவாங்க. 'நடந்துகொண்டிருக்கிறது'ன்னு போட்டுடறேன்."

"எத்தனை வருஷமா அப்படிப் போடறீங்க?"

"நான் வந்ததிலேர்ந்து சார்."

நவம்பர் 10, ஞாயிறு

அறிக்கையின் முதல் இரண்டு பக்கத்தைச் சாந்தாமணிக்கு வாசித்துக் காட்டினேன். என் மனைவி சார்பதிவாளர் அலுவலகத்தில் உதவியாளர். நாள் முழுக்கப் பத்திரம் படிப்பவள், கேட்கத் தெரியும். காபியை வழக்கம்போல் இடது கையால் நீட்டினாள். என் அம்மா இருந்தவரை அதற்காகவே வாரம் ஒரு சண்டை நடக்கும்.

"ஏனுங்க, இதுல உங்க கோவம் மட்டும்தான் வெளங்குது. அந்த ஆளு எதை எடுத்தாருன்னு ஒரு வரி இல்லியே."

சரி, முதலிலிருந்து சொல்கிறேன் என்று உட்கார்ந்தேன். ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு இரு முனைகளையும் சேர்த்து ஒட்டிவிட்டால், வெட்டாமல் அதை அவிழ்க்க முடியாது. அப்படிப்பட்ட முடிச்சைத்தான் நாங்கள் ஆராய்கிறோம். அதைப் பார்க்க இரண்டு வழி. ஒன்று, கயிறு கயிற்றைத் தாண்டும் ஒவ்வொரு குறுக்கிலும் ஒரு விதிப்படி எண்களைப் பெருக்கிக் கூட்டுவது. விதி குவாண்டம் இயற்பியலிலிருந்து வந்தது. அந்த விதியில் எத்தனை படி வைக்கிறோம் என்பதை N என்போம். N மாறினால் விடை மாறும். இன்னொரு வழி, கயிற்றையே எடுத்துவிட்டு மிச்சமிருக்கும் வெளியை அளப்பது.

"கயிற எடுத்துப்போட்டு, மிச்சம் இருக்கறத அளக்கறதுங்களா?"

"ஆமாம். அந்த வெளி நம் வீட்டு வெளி மாதிரி இருக்காது. அதில் முக்கோணம் வரைந்தால் மூன்று கோணமும் சேர்ந்து நூற்றெண்பது வராது, குறையும். ஆனால் அதற்கு ஒரே ஒரு கனஅளவுதான் உண்டு. யார் அளந்தாலும் அதேதான்."

"செரி."

"முதல் வழியில் வரும் விடை N பெருகப் பெருக எவ்வளவு வேகமாக வளர்கிறதோ, அந்த வேகம் இரண்டாம் வழியில் கிடைக்கும் கனஅளவைத்தான் சொல்கிறது என்பது ஊகம். சில முடிச்சுகளுக்கு நிரூபித்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஏன் அப்படி என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது."

அவள் டம்ளரைக் கையில் சுழற்றினாள். "எங்க பத்திரத்துல நாலெல்லையும் எழுதுவாங்க, பரப்பும் எழுதுவாங்க. ரெண்டும் ஒத்து வரோணும். அந்த மாதிரிங்களா?"

"எல்லையை எழுதியவன் நிலத்தைப் பார்த்ததே இல்லை, பரப்பை எழுதியவன் பத்திரத்தைப் படித்ததே இல்லை. ஆனாலும் ஒத்துவருகிறது."

"அதெப்படிங்க?"

என்னிடம் இதை இப்படி யாரும் கேட்டு வெகுகாலம் ஆகிறது.

எழுந்து போகும்போது சொன்னாள்: "அவரு அனுப்புன கவரு இன்னும் பொட்டிக்குள்ளதான கெடக்குது?"

அது வேறு விஷயம் என்றேன்.

நவம்பர் 13, புதன்

மதியம் காலி வகுப்பு. எட்டு முடிச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கே குறுக்குகள் கொண்ட எளிய முடிச்சு, எட்டு வடிவில் கிடக்கும். N ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றால் விடை 1, 5, 13, 27. அடுத்தது 50.47. நான்கு முழு எண்கள் வரிசையாக வந்து, ஐந்தாவதில் திடீரென்று தசமம். மாணவனாக இருந்தபோது இதைப் பார்த்துத்தான் நான் விழுந்தேன். மறந்தே போயிருந்தது.

நவம்பர் 14, வியாழன்

N நூறுக்கு வளர்ச்சி வேகம் 2.447. ஆயிரத்துக்கு 2.093. போய்ச் சேர வேண்டிய இடம், அதாவது கனஅளவு, 2.0298832. நிதானமாக இறங்கி வருகிறது, அவசரமே இல்லாமல். அறிக்கையைத் தொடவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

கிளாட்வினைப் பற்றி எழுதியாக வேண்டும். நாகர்கோவில்காரன். சென்னையில் ஆய்வு மாணவர் விடுதியில் நான்கு வருடம் ஒரே அறை. அவன் நடந்துகொண்டே யோசிப்பான், நான் உட்கார்ந்துகொண்டு. இரண்டு பேருக்கும் ஒரே ஆசிரியர்.

துணைத்தேற்றம் என்ன சொல்கிறது என்றால்: குறுக்குகளைக் கூட்டி வரும் அந்தப் பெரிய கணக்கு, ஒரு மலைத்தொடரைத் தாண்டும் பாதை போன்றது. எந்தக் கணவாய் வழியாகப் பாதை தாண்டுகிறதோ, அந்தக் கணவாயின் உயரம்தான் கனஅளவு. பாதையை எப்போதும் மேல்பக்கத்துக் கணவாய்க்கு நகர்த்திவிடலாம், நடுவில் எதுவும் தடுக்காது என்று காட்டினேன். அதற்கு எட்டு மாதம் ஆயிற்று. பாதைக்குப் பெயர் வைக்க கிரேக்க எழுத்து எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. கிளாட்வின் கரும்பலகையைப் பார்த்துவிட்டு, "லேய், இது நம்ம ழ-தாம்ல. மேல ஒரு வளைவு, கீழ ஒரு சுழி" என்றான். அன்றிலிருந்து அது ழ. ஆசிரியர் கேட்டால் கிரேக்கக் காமா என்று வாசிப்போம்.

எட்டு முடிச்சில் போட்டுப் பார்த்தேன், ஆறு தசம இடம்வரை சரியாக வந்தது. அந்த மாதம்தான் வெளிநாட்டு உதவித்தொகைக்கு ஆசிரியர் ஒருவரை மட்டும் பரிந்துரைத்தார். கிளாட்வினை. நான் பெட்டியைக் கட்டினேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பா நன்றாகத்தான் இருந்தார். ஆறு மாதம் கழித்து அவன் ஏதோ அனுப்பினான். பதில் போடத் தோன்றவில்லை. அந்த ஆண்டே கட்டுரை வந்தது, ஒற்றைப் பெயரில்.

அதிலும் ஒரு கோழைத்தனம். என் துணைத்தேற்றம் எல்லா முடிச்சுக்கும் பொருந்துவது. அவன் அதைக் கண்ணாடிப் பிம்பமும் தானும் ஒன்றாக இருக்கும் முடிச்சுகளுக்கு மட்டும் என்று சுருக்கியிருந்தான். ஆனைக்கு வாங்கிய சங்கிலியில் ஆட்டுக்குட்டியைக் கட்டியிருக்கிறான் என்று அப்போது நினைத்தேன்.

நவம்பர் 20, புதன்

தேர்வறைக் கண்காணிப்பு. மூன்று மணி நேரம் சுவரைப் பார்த்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

கொடிக்கயிறு அறுந்துபோனதால் புது நைலான் கயிறு வாங்கி வந்தோம். மிச்சத்தில் ஒரு முழம் வெட்டி நான் எட்டு முடிச்சுப் போட்டேன்; இன்னொரு முழம் வெட்டி, சாந்தாமணியிடம் எட்டு முடிச்சுப் படத்தைக் கொடுத்து, இதைப் போடு பார்ப்போம் என்றேன். நான் அறிக்கையோடு ஒரு மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் மேடையில் காட்டலாம் என்று எண்ணம்.

போட்டாள். முனைகளை டேப்பால் ஒட்டினோம். நான் போட்டிருந்ததன் அருகில் வைத்தேன். மேலே போக வேண்டிய இடத்தில் எல்லாம் கீழே போயிருந்தது.

"தப்பாப் போட்டுட்டே. எல்லாம் தலைகீழ்."

"எனக்கு இதுதானுங்க நேரு. படத்த வரைஞ்சவன் சோத்துக்கைக்காரன், நான் என்ன பண்றது?"

இடது கைக்காரி, கண்ணாடியில் பார்த்ததுபோல் போட்டிருக்கிறாள். பரவாயில்லை, எட்டு முடிச்சின் அழகே அதுதான் என்று, அவள் போட்டதைக் கையில் வாங்கி, வெட்டாமல் ஒட்டாமல் அப்படியும் இப்படியும் திருப்பி, இழுத்து, என்னுடையதாகவே மாற்றிக் காட்டினேன். அவள் கண் விரிந்தது. அரை மணி நேரம் தானே செய்து பார்த்தாள்.

"அப்ப எல்லா முடிச்சும் இப்படித் திரும்பீருமுங்களா?"

"இல்லை. இது அதிசயமான ஒன்று. ஐந்து குறுக்கு முடிச்சு திரும்பாது."

"அதையும் போடலாமா?"

போட்டோம். அவளுடையது இடது கைப்பாடு, என்னுடையது வலது கைப்பாடு. எப்படி முறுக்கினாலும் ஒன்று மற்றொன்றாகவில்லை. இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு அவள் துணி காயப்போடப் போனாள். போகிறபோக்கில்தான் கேட்டாள்.

"போன வாரம் வாசிச்சுக் காட்டுனீங்களே, உங்க பாதை மேல்பக்கமாத் தாண்டும்னு. என்ற முடிச்சுக்கும் மேல்பக்கந்தானுங்களா? இல்ல, எனக்குக் கீழ்ப்பக்கமா?"

சிரித்தேன். பதில் சொல்ல வாயெடுத்தேன். பிறகு அவளுடைய ஐந்து குறுக்கு முடிச்சைக் கையில் எடுத்தேன்.

நவம்பர் 25, திங்கள்

விடுப்பு. காய்ச்சல் என்று மதியழகனிடம் சொன்னேன்.

ஐந்து குறுக்கு முடிச்சின் கனஅளவு 2.8281220. இதற்கு ஊகம் உண்மை என்று வேறு வழியில் எப்போதோ நிரூபித்தாயிற்று, சந்தேகமே இல்லை. சாந்தாமணி போட்ட முடிச்சில், துணைத்தேற்றம் சொல்லும் மேல்பக்கக் கணவாய் வழியாகப் போனால், N நூறுக்கு 0.4. ஆயிரத்துக்கு 0.06.

மறுபடியும் போட்டேன். 0.06.

நவம்பர் 26, செவ்வாய்

பூஜ்யத்துக்குப் போகிறது.

நவம்பர் 28, வியாழன்

இப்போது தெளிவாகிவிட்டது. எட்டு முடிச்சில் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒன்றுக்கொன்று பிம்பம். எந்தப் பக்கம் போனாலும் விடை சரியாக வரும். இடம் வலம் பிசகியிருந்தால் அது காட்டிக்கொடுக்கவே கொடுக்காது. தன் பிம்பத்தோடு ஒன்றாகாத முடிச்சில், ஒரு கைப்பாட்டுக்கு மேல்பக்கம் சரி. மறு கைப்பாட்டுக்கு அங்கே உயரமே இல்லாத ஒரு கணவாய்தான் இருக்கிறது. முடிச்சுக் கணக்கில் எல்லாரும் முதலில் எட்டு முடிச்சைத்தான் எடுப்பார்கள், சின்னது, கைக்கு அடங்கும் என்று. பெரும்பாலோர் அடுத்த முடிச்சுக்கும் போவார்கள்.

கிளாட்வினின் புதுக் கட்டுரையில் அந்தப் பிம்ப நிபந்தனை இல்லை. "2007இல் காட்டியபடியே இங்கும்" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டான். பதினேழு வருடம் யாரும் கேட்கவில்லை, அவனும் மறந்துவிட்டான். நாற்பத்தாறு பக்கமும் அந்த ஒரு வரியின் மேல் நிற்கிறது.

டிசம்பர் 13. முந்நூறு பேர் இருப்பார்கள். நான் கை தூக்கி, ஐந்து குறுக்கு முடிச்சு என்று மூன்று சொல் சொன்னால் போதும். முகம் எப்படிப் போகும் என்று நினைத்துக்கொண்டே இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். சாந்தாமணியிடம் சொன்னேன்: "அவன் துணைத்தேற்றம் தப்பு. மேடையிலேயே விழப்போகிறான்."

தோசைக்கரண்டியை இடது கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள்.

"போன வாரம் வரைக்கும் அது உங்களுதுன்னீங்க?"

டிசம்பர் 1, ஞாயிறு

இரண்டு நாளாகப் புயல் மழை. வெளியே போக வழியில்லை. பெட்டியைத் திறந்தேன்.

கவர் பதிவுத் தபாலில் வந்தது, 2007 பிப்ரவரி. அப்போது பிரித்து, மேல்தாளில் "லேய்" என்ற சொல்லைப் பார்த்ததும் மூடிவிட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், என்னிடம் உட்பட. அந்த மேல்தாளை மட்டும் முழுக்கப் படித்தேன் என்பதுதான் உண்மை. உள்ளே இருபத்துநான்கு பக்க வரைவு. தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர். எங்கள் துறையில் கட்டுரை எழுதியவர்களின் பெயர்களை எழுத்து வரிசையில் போடுவது வழக்கம். என் பெயர் முதலில் இருந்தது.

மேல்தாளில், அவன் கையெழுத்தில்:

"லேய், கோவிச்சிக்கிட்டுப் போயிட்ட. சரி. உன் துணைத்தேற்றத்தை வச்சு எழுதி முடிச்சிட்டேன். பாத்துட்டு அனுப்பு. ஒரே ஒரு சந்தேகம் மக்கா. எட்டு முடிச்சைத் தவிர வேற எதுலயாவது போட்டுப் பாத்தியா? அது தன் பிம்பமாவே இருக்கப்பட்ட முடிச்சு, இடம் வலம் மாறினாலும் வெளிய தெரியாது. ஐந்து குறுக்குல ஒருக்கா போட்டுப் பாரு. எனக்கு இங்க கிளம்புற அவசரம். உன் பதில் வராம உன் பேரைப் போட்டு அனுப்ப மாட்டேன். தப்பாப் போனா உன் தலையில விழும். மூணு மாசம் காத்திருப்பேன். பதில் இல்லேன்னா, நிச்சயமாத் தெரிஞ்ச அளவுக்குச் சுருக்கி, என் பேருல மட்டும் அனுப்புவேன்."

இந்தப் பக்கத்தைத்தான் நான் படித்திருக்கிறேன். என் கணக்கைச் சந்தேகப்பட இவன் யார் என்று தோன்றியது நினைவிருக்கிறது. ஐந்து குறுக்கை ஒரே மதியத்தில் போட்டுப் பார்த்திருக்கலாம்.

மழை விடவில்லை. ஆட்டுக்குட்டி என்று நான் எழுதியதைத் திருப்பிப் படித்தேன். அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

டிசம்பர் 4, புதன்

கிளாட்வினுக்கு மின்னஞ்சல் எழுத முயன்றேன். நான்கு தடவை. முதல் வரியில் பிழையைச் சொல்கிறேன். இரண்டாவது வரியில் 2007 வந்துவிடுகிறது. மூன்றாவதில் விடுதிச் சாப்பாடு, ஆசிரியரின் ஓரவஞ்சனை, நன்றி உரைத்த அந்த வரி. நான்காவதை மட்டும் ஒழுங்காக முடித்தேன், படித்துப் பார்த்தால் மன்னிப்பு கேட்பதுபோல் நடித்துக்கொண்டு அவனைக் குத்துகிறேன். எல்லாவற்றையும் அழித்தேன்.

ஒன்றும் சொல்லாமலேயே விட்டால்? அவன் விழுவான். என் துணைத்தேற்றமும் விழும், ஆனால் அவன் பெயரில்.

டிசம்பர் 6, வெள்ளி

வகுப்பில் ஒரு பெண், தொகையீட்டில் பாதையை ஏன் நகர்த்தலாம் என்று கேட்டாள். பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்வதுதான் என் வழக்கம். இன்று முக்கால் மணி நேரம் பேசினேன். மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை, எனக்கும்.

டிசம்பர் 7, சனி

காலையில் நைலான் முடிச்சுகளை மறுபடி கையில் எடுத்தேன். சாந்தாமணியுடையது, என்னுடையது. அவள் கேட்டது காதிலேயே இருந்தது: எனக்குக் கீழ்ப்பக்கமா?

அவளுடைய கைப்பாட்டுக்குப் பாதையைக் கீழ்ப்பக்கம் இறக்கினேன். N நூறு, ஆயிரம், பத்தாயிரம். 2.83. அடுத்து ஆறு குறுக்கு முடிச்சுகளில் பிம்பத்தோடு ஒன்றாகாத இரண்டை எடுத்தேன். ஒன்றில் சரியாக வருகிறது. மற்றதில் மேலும் இல்லை, கீழும் இல்லை, நடுவில் எங்கோ மூன்றாவது கணவாய். அதை முடிச்சின் படத்தைப் பார்த்து முன்கூட்டியே சொல்ல முடியுமா? எல்லையைப் படித்து எந்தப் பக்கம் நிலம் என்று சொல்வதுபோல? தெரியவில்லை. யாருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். கிளாட்வினுக்குத் தெரியலாம், அவன் நடந்துகொண்டே யோசித்தால்.

மதியச் சாப்பாடு மறந்துபோனது. ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பிழை எங்கே, எந்த முடிச்சில் தெரியும், எந்த அளவுக்குக் காப்பாற்றலாம், எது தெரியவில்லை. கடைசி வரி கேள்விக்குறியோடு முடிகிறது. பிழை எப்போது, யாரால் நுழைந்தது என்பதற்கு, "துணைத்தேற்றத்தை முதலில் எழுதியவர் அதை எட்டு முடிச்சில் மட்டுமே சரிபார்த்திருக்கிறார்" என்று ஒரு வாக்கியம். அதை எழுதத்தான் மற்ற ஒன்றரைப் பக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது.

டிசம்பர் 8, ஞாயிறு

கட்டுரைகளுக்குக் கீழே யார் வேண்டுமானாலும் குறிப்பு எழுதக்கூடிய தளம் ஒன்று இருக்கிறது. எழுதுகிறவரின் பெயர் கட்டாயமில்லை. கருத்தரங்குக்கு ஐந்து நாள் இருக்கிறது. பேச்சைத் திருத்திக்கொள்ள அவனுக்கு அது போதும். நான் சென்னை போகப்போவதில்லை.

சாந்தாமணி தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

"பேரு போடலீங்களா?"

"போட்டால் எல்லாரும் என்னைத்தான் படிப்பார்கள். கணக்கைப் படிக்க மாட்டார்கள்."

"தப்பு யாருதுன்னு தெரிஞ்சு போயிருமுன்னு இல்லீங்களே?"

"அதுவும்தான்."

"அப்பச் செரி," என்று துணி எடுக்கப் போனாள். புதுக் கொடியில் இரண்டு முனையிலும் எட்டு முடிச்சு, அவள் போட்டது.

ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்த்தேன். 2007 எங்கும் இல்லை. பாதைக்கு எல்லா இடத்திலும் காமா என்று அடித்திருந்தேன், பதினான்கு இடம். ஒவ்வொன்றாக அழித்து ழ என்று மாற்றினேன். உலகத்தில் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடியவன் ஒருவன்தான்.

பெயர் கேட்கும் கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பப்போகிறேன்.